இரவில் போடும் மூலிகை கேப்சூலும் பல் டாக்டரின் மயக்க மருந்தும்

கேள்வி: ஞானப்பல் எடுக்கும்போது அரைமயக்கம் கொடுப்பதாக பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கம் வராததால் அஸ்வகந்தாவும் வலேரியனும் கலந்த கேப்சூலை தினமும் இரவில் போடுகிறேன், மூட்டு வலிக்கு மஞ்சளில் இருந்து எடுக்கும் குர்குமின் வேறு. இவையும் மயக்க மருந்தும் சேர்ந்தால் கண் விழிக்கவே மாட்டோம் என்று இணையத்தில் படித்தேன். மூலிகைதானே, டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கண் விழிப்பீர்கள், பயப்படாதீர்கள். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாற்காலியில் இருக்கும் நேரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், குறட்டை மாதிரி சத்தம் வந்தாலே தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழி பண்ணுவார்கள், அரைமயக்கத்துக்குக் கொடுக்கும் மிடசோலாம் கொஞ்சம் கூடிப்போனால் அதை முறிக்க ஃபுளூமசெனில் என்ற மருந்தும் இருக்கிறது. யாரும் பார்க்காத நேரம் இரண்டு: அன்று காலை, அன்று இரவு.

காலையில் படபடப்பாக இருக்கிறதே என்று 'சும்மா ஒன்று' கூடுதலாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, கேட்டால் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்பார்கள், கேப்சூல் அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை! வலேரியனும் மிடசோலாமும் மூளையை அடக்குவது ஏறக்குறைய ஒரே வழியில்தான், அஸ்வகந்தாவும் தூக்கத்தைக் கூட்டும். செடியிலிருந்து வந்தது என்பதெல்லாம் மூளைக்குத் தெரியாது. இரவில் இன்னும் மோசம், மயக்கத்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போதே பழக்க தோஷத்தில் கேப்சூலையும் போட்டு, டாக்டர் எழுதிய வலி மாத்திரை டிராமடால் மாதிரி தூக்கம் தருவதாக இருந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அன்று இரவு கேப்சூல் வேண்டவே வேண்டாம். கூட ஒருவர் இருக்கட்டும். தோளைப் பிடித்து உலுக்கிக் கூப்பிட்டும் நீங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 'நன்றாகத் தூங்கட்டும்' என்று விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதைக் கூட இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குர்குமின் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான், பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தால் நின்றுவிடும். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் மட்டும் கதை வேறு, அதை முதலில் சொல்லுங்கள். மரத்துப்போக ஈறில் போடும் ஊசிக்கும் இந்த கேப்சூல்களுக்கும் சண்டை எதுவும் இல்லை.

டப்பாவின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து இப்போதே பல் டாக்டருக்குக் காட்டுங்கள். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் வலேரியனை நீண்ட நாள் போட்டுவிட்டு பட்டென்று விட்டால் தூக்கம் கெட்டு படபடப்பு வரலாம், அதனால் எப்படிக் குறைப்பது என்று அவரிடமே கேளுங்கள். போட்டோவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பெயரும் இருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள், அது நேர் எதிர், மிடசோலாமை ஈரல் சீக்கிரம் கரைத்துத் தள்ளும்படி செய்துவிடும், வழக்கமான அளவு கொடுத்தும் நீங்கள் முழித்துக்கொண்டே கிடக்கலாம். மனச்சோர்வுக்காக அதைச் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது. தேதி தள்ளிப்போனால் போகட்டும், ஞானப்பல் எங்கேயும் ஓடிவிடாது.