பழைய லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா?

கேள்வி: கும்பகோணத்தில் நான்கு மாடி லாட்ஜ் நடத்துகிறோம். 8 பேர் ஏறும் லிஃப்ட் இருக்கிறது. கோயிலுக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி இதையே மாற்றலாமா, புதிதாகத்தான் போட வேண்டுமா?

பதில்: பிரெய்ல் ஸ்டிக்கர் வாங்குவது அப்புறம் இருக்கட்டும், முதலில் டேப் எடுத்து லிஃப்டை அளந்து பாருங்கள். 8 பேர் லிஃப்டில் பெரும்பாலும் உள் அகலம் 1,300 மி.மீ., ஆழம் 1,100 மி.மீ., கதவு 800 மி.மீ. இருக்கும். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 650 மி.மீ.தான் என்பதால் வாசலைத் தாண்டிவிடும். இடிப்பது ஆழத்தில். கால் பலகையோடு சேர்த்தால் அதன் நீளம் 1,200 மி.மீ.யைத் தொடும், கதவு மூடாது. பலகையைக் கழற்றினால் சமாளிக்கலாம். ஆனால் முழங்காலை மடக்கவே முடியாத விருந்தினரிடம் அதைச் சொல்ல முடியாதே!

ஆகவேதான் 13 பேர் லிஃப்டை (உள் அகலம் 2,000, ஆழம் 1,100, கதவு 900 மி.மீ.) சிபாரிசு செய்கிறார்கள். ஆழம் அதேதான், ஆனால் அகலம் கூடுதல் என்பதால் நாற்காலியைச் சற்றுத் திருப்பி நிறுத்தலாம். உங்கள் லிஃப்ட் குழியில் அதற்கு இடமில்லை என்றால் கூண்டை மட்டும் பெரிதாக்க வழியில்லை. அந்தப் பணத்தில் தரைத்தளத்திலேயே இரண்டு அறைகளையும் கழிப்பறைகளையும் சரிசெய்வது மேல்.

இடம் போதும் என்றால் மற்றவை சின்னச் செலவுகள். பட்டன்கள் தரையிலிருந்து 800 முதல் 1,000 மி.மீ. உயரத்துக்குள் வரட்டும். தொடுதிரைப் பட்டன் வேண்டாம். பார்வையற்றவர் தடவிப் பார்க்கும்போதே மூன்று மாடிக்கு ஆர்டர் போய்விடும். எண்கள் புடைத்திருக்கட்டும், பக்கத்திலேயே பிரெய்ல். மாடி எண்ணைத் தமிழிலும் அறிவிக்கச் செய்யுங்கள். உள்ளே முழு வட்டமாகத் திரும்ப இடமில்லாததால் நாற்காலி பின்னோக்கித்தான் வெளியே வரும். பின்சுவரில் கண்ணாடி இருந்தால் வாசல் தெரியும். கதவு 5 விநாடியாவது திறந்திருக்க வேண்டும், குறுக்கே ஆள் இருந்தால் சென்சார் அதை நிறுத்த வேண்டும். லிஃப்ட் தளத்துக்கு அரை அங்குலம் மேலோ கீழோ நின்றாலும் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக் வரும்போது இதைக் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

கரண்ட் போனால் பக்கத்துத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஏ.ஆர்.டி. கருவி கட்டாயம் வேண்டும். காது கேளாதவருக்கு இன்டர்காம் பயன்படாது. அலாரம் அழுத்தியதும் ‘உதவி வருகிறது’ என்று காட்டும் விளக்கும் வையுங்கள். மாற்றங்களைத் தொடங்குமுன் மின் ஆய்வுத் துறையின் அனுமதி பற்றி லிஃப்ட் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. லிஃப்ட் எவ்வளவு வசதியாக இருந்தாலும், இவர்களுக்குக் கீழ்த்தளத்து அறையையே முதலில் கொடுங்கள்.