மிச்சப் பாகங்களை எங்கே, எப்படி வைப்பது? - மாடல் கார் கேள்வி பதில்

மாடல் கார் கிட் என்பது பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி ஒட்டி நாமே குட்டிக் காராகக் கட்டும் பெட்டி. இந்த முறை வந்த கடிதங்களில், கட்டி முடித்தபின் மிஞ்சும் பாகங்கள் பற்றியவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மாடல் கார் கிட் கட்ட ஆரம்பித்து நாலைந்து வருஷமாகிறது. மிச்சமாகும் சக்கரம், இன்ஜின், பம்பர் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. ஒரு சின்னக் கண்ணாடி தேவைப்பட்டால்கூட மொத்தத்தையும் பாயில் கொட்டித் தேட வேண்டியிருக்கிறது. கிட் வாரியாகப் பிரிப்பதா, பாகம் வாரியாகப் பிரிப்பதா?
- வாசகர், திருப்பூர்

கிட் வாரியாக வேண்டாம். தேடும்போது "ஐந்து ஸ்போக் சக்கரம் ஒரு செட் வேண்டும்" என்றுதான் தேடுவோம், "அந்த மஸ்டாங் கிட்டில் என்ன மிச்சமானது" என்று யாரும் தேடுவதில்லை. ஆகவே பாகம் வாரியாகத்தான். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய பிரிப்பு ஒன்று இருக்கிறது, பலரும் அதை விட்டுவிட்டு நேராக டப்பா வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். எது எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள். சாதாரண கெட்டிப் பிளாஸ்டிக் ஒரு பக்கம், குரோம் பூசியது ஒரு பக்கம், கண்ணாடி மாதிரியான கிளியர் பாகங்கள் தனி, மெத்தென்ற டயர்கள் தனி, ஸ்க்ரூ, அச்சு போன்ற உலோகச் சாமான்கள் தனி, டெக்கலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) விளக்கத் தாளும் தனி. இவை ஒன்றோடொன்று உரசினால் ஏதாவது ஒன்று கெடும். எந்த டப்பா நல்ல டப்பா என்பதெல்லாம் அப்புறம்.

இதில் கெட்டிப் பிளாஸ்டிக் குவியல்தான் மலையாக நிற்கும், அதை மட்டும் பயன்பாட்டு வாரியாகப் பிரியுங்கள்: இன்ஜின், சக்கரம், சீட்டும் டாஷ்போர்டும், சஸ்பென்ஷன், சைலன்சர் குழாய்கள், வெளிப்புறச் சில்லறைகள். அவ்வளவு போதும். இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு அறை, வலப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு அறை என்று போனால் எடுத்ததைத் திருப்பி வைக்கவே அலுத்துப்போய், ஒரு மாதத்தில் பழைய அட்டைப்பெட்டி திரும்பி வந்துவிடும். "எதிலும் சேராதவை" என்று ஒரு டப்பாவும் இருக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்க கிட் கட்டுபவர்களுக்கு இன்ஜின் தனிக் கதை. ஏஎம்டி நிறுவனம் 1958-இல் 'மூன்றில் ஒன்று' கிட்டுகளைக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியை ஷோரூம் காராகவும் கட்டலாம், ஜோடித்த காராகவும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டதால், ஒரு காரைக் கட்டி முடித்தபின் கூடுதல் கார்புரேட்டர்கள், சக்கரங்கள், சில பெட்டிகளில் ஒரு முழு இன்ஜினேகூட மிஞ்சும். பிளாக், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ், இன்டேக் நான்கையும் ஒரே ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஏற்கெனவே கலந்துபோயிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக் ஒயர்கள் எல்லாம் கிளம்பும் பாகம்) எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின் என்றால் பின்னால், ஃபோர்டு ஸ்மால் பிளாக் என்றால் முன்னால். வால்வ் கவர் ரொம்ப அகலமாக, நடுவில் ஸ்பார்க் பிளக் ஒயர் இறங்கும் துளைகளோடு இருந்தால் பெரும்பாலும் அது கிரைஸ்லரின் ஹெமி இன்ஜின்.

ஜப்பானிய கிட்டுகளில் மிச்சம் குறைவு, ஆனால் நமக்கு உருப்படியான மிச்சம். டாமியா நிறுவனத்தின் விளக்கத் தாளிலேயே எந்தப் பாகம் தேவையில்லை என்று காட்டியிருப்பார்கள். பல கிட்டுகளில் இடப்பக்க ஸ்டீயரிங் டாஷ்போர்டு, வலப்பக்க டாஷ்போர்டு இரண்டுமே இருக்கும். வலப்பக்கம் மிஞ்சினால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், நம் ஊர்ச் சாலையில் ஓடும் காரைக் கட்ட நினைக்கும் அன்றைக்கு அதைக் காசு கொடுத்தாலும் தேட முடியாது. சக்கரத்துக்குள் போகும் அந்த ரப்பர் மாதிரியான பாலி கேப்களும் மிஞ்சும், ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். சக்கரத்தை ஒரு கிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அச்சில் உட்கார வைப்பது அதுதான்.

கவருக்குள் ஒரு சின்னத் துண்டுத் தாளில் ஸ்கேல் (1/24 என்றால் நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு), கிட் பெயர், ரன்னர் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) மேலுள்ள எழுத்து மூன்றையும் பென்சிலால் எழுதிப் போடுங்கள். கவர் மேலே மார்க்கரால் எழுதினால் கை பட்டுப் பட்டு அழிந்துவிடும்.

டயர்களையும் சக்கரங்களையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் டயர் பட்ட இடத்தில் எல்லாம் சக்கரம் உருகிக் குழியாகியிருக்கிறது. டப்பாவின் அடிப்பகுதியிலும் டயர் அச்சு. எங்கள் ஊர் வெயில்தான் காரணமா?
- வாசகர், வேலூர்

உங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் இருக்கிறது, இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். சூடு இதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். குற்றவாளி டயர்.

கிட்டில் வரும் மெத்தென்ற டயர்கள் பெரும்பாலும் பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள், அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். இந்த பிளாஸ்டிசைசர் உள்ளேயே அடங்கி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். கசிந்தது பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் ஏறி அதை இளக்கிவிடும். காரின் பாடி, சேஸிஸ், சக்கரம் எல்லாம் பாலிஸ்டைரீன்தான் என்பதால் டயர் எதைத் தொட்டாலும் ஆபத்து. பழைய அமெரிக்க கிட் சேகரிப்பவர்கள் பிரிக்காத பெட்டியைத் திறந்து பார்த்து, டயர் பாடியின் கூரை மேல் உட்கார்ந்து பள்ளம் போட்டிருப்பதைக் கண்டு நொந்துபோவது இதனால்தான்.

உங்கள் டப்பாவிலும் அச்சு விழுந்ததற்குக் காரணம் அதுவும் பாலிஸ்டைரீனாக இருந்ததுதான். ஃபேன்சி ஸ்டோரில் பாசிமணி போட்டு வைக்க விற்கும், பளிங்கு மாதிரித் தெளிவான, தட்டினால் கணீர் என்று ஒலித்து கீழே விழுந்தால் நொறுங்கும் டப்பாக்களில் பல அந்த வகை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். டயருக்கு 5 தான் வேண்டும். இதற்காகப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை, ஓட்டல் பார்சல் வரும் டப்பாக்களில் பல 5 தான், கழுவி நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். கவர் என்றால் சாதாரண பாலித்தீன் ஜிப் கவர். பெட்ஷீட் சுற்றி வரும், ஒரு வாடை அடிக்கும் தடித்த பிளாஸ்டிக் பை வேண்டாம், அது பெரும்பாலும் பிவிசி, டயர் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

கட்டி முடித்த காருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. டயரை மாட்டும் முன் சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய அலுமினிய ஒட்டுத்தாளைச் சுற்றிவிட்டால் இரண்டும் நேராகத் தொடாது. குழி விழுந்த சக்கரங்களை என்ன செய்வது என்றால், ஆழம் குறைவாக இருந்து டயருக்குள் மறையும் இடமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். முகப்பில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய டெக்கல் தாள்கள் மஞ்சளாகிவிட்டன. இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டியும்விட்டது. காப்பாற்ற முடியுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

ஒட்டியதைப் பிரிப்பது கஷ்டம், கிழியும். மஞ்சளுக்கு வைத்தியம் உண்டு. தாளை ஜிப் கவரில் போட்டு, படம் இருக்கும் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சில நாளில் இருந்து சில வாரத்துக்குள் மஞ்சள் வெளுக்கும். சிவப்பு இருந்தால் அடிக்கடி எடுத்துப் பாருங்கள், அதுவும் சேர்ந்து வெளுத்துவிடலாம். அப்புறம் தேவையில்லாத ஒரு குட்டி எழுத்தை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். தூள் தூளாக உடைந்தால் மீதித் தாள் முழுவதற்கும் பளபளப்பான கிளியர் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டி எடுத்து ஒட்டலாம்.

இனிமேல் வருவதைத் தட்டையாக, ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் கவருக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். கடலோரத்தில் இது கட்டாயம், ஏனென்றால் டெக்கலின் பசை தண்ணீர் பட்டால் இளகுவதற்கென்றே செய்யப்பட்டது, காற்றின் ஈரமே அதற்குப் போதும். அந்தப் பசை மாவுச்சத்து வகை வேறு, ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

பாகங்களை ரன்னரிலேயே விட்டு வைப்பதா, வெட்டி வைப்பதா?
- வாசகர், மதுரை

குரோமையும் கிளியரையும் ரன்னரிலேயே விடுங்கள். குரோம் என்பது பெயர்தான், உண்மையில் அது வெற்றிடத்தில் ஏற்றிய மிக மெல்லிய அலுமினியப் படலம். டப்பாவுக்குள் உருண்டாலே முனைகள் தேய்ந்துவிடும், டிஷ்யூ பேப்பரில் சுற்றி வையுங்கள். கிளியருக்கும் அதேதான், கீறல் விழுந்த விண்ட்ஷீல்டு யாருக்கு வேண்டும்? மற்றவற்றை வெட்டலாம், ரன்னர் சட்டம்தான் முக்கால்வாசி இடத்தை அடைக்கிறது. வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் காம்பு விட்டு வெட்டுங்கள்.

வெறும் ரன்னரில் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் ஆன்டெனாவுக்கு ஏற்ற நூல் மாதிரி வரும். பொடியாக நறுக்கி நீர்த்த பிளாஸ்டிக் சிமெண்ட் (மாடல் ஒட்டும் பசை) பாட்டிலில் ஊறப்போட்டால் அருமையான இடுக்கு நிரப்பி. இதற்குக் கிளியர் ரன்னரைக் கலக்காதீர்கள். கைப்பிடிக்கு மேல் எதற்கு?

டாமியா கார்கள் 1/24, என்னிடமுள்ள ஏஎம்டி கார்கள் 1/25. மிச்சப் பாகங்களைத் தனித்தனியாக வைக்க வேண்டுமா?
- வாசகர், சிங்கப்பூர்

வேண்டாம். வித்தியாசம் சுமார் 4 சதவீதம். 4.8 மீட்டர் நீளக் கார் ஒன்றில் 200 மில்லிமீட்டர், மற்றதில் 192. முழுக் காரில் இது தெரியும், அதனால் பாடி, சேஸிஸ், விண்ட்ஷீல்டு மாறிப் பொருந்தாது. 15 அங்குலச் சக்கரத்தில் 15.9 மில்லிமீட்டருக்கும் 15.2 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான், நிஜத்தில் மக்கள் காருக்கு மாற்றும் சக்கரங்கள் இதைவிட அதிகமாக வேறுபடும். சீட், இன்ஜின், ஸ்டீயரிங் எல்லாம் தாராளமாகக் கலக்கலாம். துண்டுத் தாளில் ஸ்கேலை எழுதினால் போதும். 1/18 இருந்தால் மட்டும் தனியாக வையுங்கள்.

வீட்டில் இடமில்லை. எல்லா டப்பாவையும் பரணில் ஏற்றிவிட்டு, பூச்சி வராமல் அந்துருண்டை போட்டுவிடலாமா?
- வாசகர், சேலம்

அந்துருண்டை கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கக்கூடியது, மூடிய டப்பாவுக்குள் பாகங்கள் பிசுபிசுத்துப் போகலாம். கற்பூரத்தையும் நான் போட மாட்டேன். இறுக்கமாக மூடும் டப்பாவில் பூச்சிக்கு உள்ளே நுழைய வழியில்லை, அதுவே போதும்.

பரண் கான்கிரீட் கூரைக்குக் கீழே, வீட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரக் கூரைக்கு அடியில் என்றால் வேண்டாம். பாலிஸ்டைரீன் இளக ஏறக்குறைய 100 டிகிரி வேண்டும் என்றாலும், மேலே ஏதாவது பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மெல்லிய பாடி வளையும், ரெசின் பாகங்கள் (அச்சில் ஊற்றி வார்த்தவை) இன்னும் சுலபமாக வளையும். வளைந்த ரெசினை வெந்நீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரப்பர் பேண்ட் போட்டு எதையும் கட்டாதீர்கள், நம் ஊர் உஷ்ணத்தில் அது இளகி பாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றினால் வெள்ளை பாடியில் மை ஏறும்.

ஆனால் இடமில்லை என்றால் முதலில் குறைக்க வேண்டியது சாமானைத்தான். உடைந்த கிளியர், ஒற்றைச் சக்கரம், எந்தக் காருடையது என்றே தெரியாத சஸ்பென்ஷன் கம்பிகள், பசை வழிந்து முகம் தெரியாமல் போன பாகங்கள் எல்லாவற்றையும் போடுங்கள். ஒற்றைச் சக்கரத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: பார்க்க நன்றாக இருந்தால் ஸ்டெப்னியாக வைக்கலாம்.