பாகத்தில் எழுத்து: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: உலோகத்தில் எழுத 20 வாட் ஃபைபர் லேசர் மெஷின் வாங்கியிருக்கிறோம். வார்ப்பிரும்பு பம்ப் கேசிங்கில் சீரியல் நம்பர் பளிச்சென்று விழுகிறது. ஷாட் பிளாஸ்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்து வந்தால் எழுத்தைக் காணோம். மெஷினில் கோளாறா?
– பம்ப் பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. எழுதிய நேரம்தான் தப்பு. லேசரை ஒரே பாஸில் (ஒரே ஓட்டத்தில்) வேகமாக ஓட்டும்போது எழுத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் போகாது. கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் நிறமாற்றம். ஷாட் பிளாஸ்டிங்கில் வீசும் இரும்பு மணிகள் அந்த மேல்தோலை உரித்துவிடும். தப்பிப் பிழைத்ததை ப்ரைமரும் பெயின்ட்டும் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்து 0.06 முதல் 0.1 மி.மீ. வரை தடிமன் ஏறினால், அதைவிட ஆழம் குறைந்த எழுத்து எப்படி நிற்கும்?

எந்த மெஷினில் எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எழுதிய பிறகு அந்த பாகம் எங்கெல்லாம் போகப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிளாஸ்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், பெயின்ட், கடைசியில் பம்ப் வேலை செய்யப்போகும் இடம் வரை. உங்கள் கேசிங்குக்கு நல்ல வழி, மெஷினிங் முடிந்த ஃப்ளாஞ்ச் முகத்திலோ விளிம்பிலோ லேசர் போட்டு, பெயின்ட்டுக்கு முன் அந்த இடத்தில் டேப் ஒட்டி மறைப்பது. பச்சைக் காஸ்டிங்கிலிருந்தே (மெஷினிங் செய்யாத வார்ப்பிலிருந்தே) அடையாளம் வேண்டும் என்று பார்ட்டி கேட்டால் டாட் பீன் போடுங்கள். காற்றழுத்தத்தில் ஓடும் ஊசி புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதும் முறை அது. எழுத்து உயரம் 5 மி.மீ.க்குக் குறையாமல், ஆழம் 0.3 மி.மீ. அளவில் இருக்கட்டும். காஸ்டிங் தோல் மேடுபள்ளமாக இருக்கும். வார்ப்புக்கான பேட்டர்னிலேயே (மாதிரி அச்சிலேயே) எழுத்துக்கு என்று ஒரு சமதளத் திட்டு வைக்கச் சொன்னால் பாதித் தலைவலி தீரும்.

இருக்கிற லேசரில்தான் ஆழமாக வெட்டியாக வேண்டும் என்றால்: முழு பவர், 20 கிலோஹெர்ட்ஸ். 20 வாட்டை 20,000 துடிப்புகளுக்குப் பகிர்ந்தால் ஒரு துடிப்புக்கு 1 மில்லிஜூல். அதிர்வெண்ணை 80க்கு ஏற்றினால் அது கால் மில்லிஜூலாகிவிடும். மேற்பரப்பு சூடாகுமே தவிர வெட்டாது. வேகம் நொடிக்கு 500 மி.மீ. அளவில் தொடங்குங்கள், ஹேட்ச் (எழுத்தை நிரப்பும் கோடுகள்) இடைவெளி 0.04 மி.மீ. ஒவ்வொரு பாஸுக்கும் ஹேட்ச் கோணம் மாறவேண்டும். ஒரே கோணத்தில் ஓட்டினால் அடியில் உழவுசால் மாதிரி வரிவரியாக நிற்கும். பத்து பாஸுக்கு ஒருமுறை குறைந்த பவர், அதிக வேகத்தில் ஒரு சுத்தம் செய்யும் பாஸ் கொடுங்கள். இல்லையென்றால் உருகிய கசடு பள்ளத்திலேயே படிந்து, அடுத்த பாஸ் இரும்பை விட்டுவிட்டுக் கசடைத்தான் சுடும். இப்படி 0.2 மி.மீ. இறக்க ஒரு வரிக்கு நிமிடக்கணக்கில் ஆகும். உற்பத்தி லைனுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: 25 மி.மீ. ஷாஃப்டில் டேட்டா மேட்ரிக்ஸ் (க்யூ.ஆர். மாதிரி சதுரக் கட்டக் குறி) போடுகிறோம். எங்கள் ஃபோனில் படிக்கிறது. பார்ட்டி இடத்தில் ரிஜெக்ட் ஆகிறது. ஏன்?
– தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஃபோன் படித்ததை வைத்துத் தேறியது என்று முடிவு செய்யாதீர்கள். டேட்டா மேட்ரிக்ஸுக்குள் பிழைதிருத்தம் உண்டு. கட்டங்களில் ஒரு பகுதி கெட்டிருந்தாலும் படித்துவிடும். பார்ட்டி வெரிஃபையரில் (குறியின் தரத்தை அளக்கும் கருவியில்) வைத்து ஏ முதல் எஃப் வரை கிரேடு பார்க்கிறார். உலோகத்தில் நேரடியாகப் போடும் குறிக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 29158 என்ற தரநிலை இருக்கிறது. ஆர்டரில் எந்த கிரேடு கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது அளவு. உருளையில் குறியின் அகலம் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் ஓரத்துக் கட்டங்கள் வளைவில் சரிந்து, விளக்கு வெளிச்சம் அங்கே வேறு மாதிரி திரும்பும். 25 மி.மீ. ஷாஃப்டுக்குச் சுமார் 4 மி.மீ. உங்கள் தகவல் 25 எழுத்துக்குள் அடங்கினால் 18×18 கட்டம் போதும். ஒரு கட்டம் 0.22 மி.மீ. வரும். லேசர் இதை நன்றாகவே போடும். டாட் பீன் இந்த அளவில் திணறும், புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தகவலைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பாகத்தின் பெயர், பார்ட்டி பெயர் எல்லாவற்றையும் உள்ளே திணிப்பவர்கள் இருக்கிறார்கள். சீரியல் நம்பர் ஒன்று போதும், மற்றது கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

குறியைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது ஒரு கட்ட அகலம் வெற்றிடம் வேண்டும். க்யூ.ஆர். என்றால் நாலு கட்டம். இடதுபுறமும் அடியிலும் இருக்கும் ‘எல்’ வடிவக் கெட்டிக்கோடு எங்கேயாவது அறுந்தால், ஸ்கேனர் குறியையே கண்டுபிடிக்காது. ஷாஃப்டில் லேத் கோடு தெரிந்தால், முதலில் அந்தச் சதுரத்தை லேசரால் லேசாக மங்கலாக்கி, அதன் மேல் கருப்புக் கட்டங்களைப் போடுங்கள். பளபளப்புதான் வெரிஃபையருக்கு எதிரி. கூலன்ட் எண்ணெயைத் துடைக்காமல் போட்டால் மேலே கரிப்படலம் நிற்கும். விரலால் தேய்த்ததும் மாறுபாடு குறைந்தால் காரணம் அதுதான்.

கேள்வி: எஸ்.எஸ். 304 தகட்டில் கருப்பாக லேசர் எழுத்து போட்டோம். இரண்டே மாதத்தில் எழுத்தின் மேல் மட்டும் துரு.
– ஜாப் ஒர்க் செய்பவர், அம்பத்தூர்

பதில்: ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மேலே இருக்கும் குரோமியம் ஆக்சைடு தோல். நீங்கள் கொடுத்த சூடு அந்த இடத்தில் அதைக் குலைத்துவிட்டது. நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் நீங்கள் செய்தது கருக்கல் இல்லை, செதுக்கல். ஃபோகஸை ஒன்றிரண்டு மி.மீ. விலக்கி, அதிர்வெண்ணை ஏற்றி, உருகாமல் நிறம் மட்டும் மாறும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய மோப்பா வகை லேசரில் இது சுலபம்.

அதற்குப் பிறகு சிட்ரிக் அமிலத்தில் பாஸிவேஷன், அதாவது அந்தக் காப்புத் தோலை மறுபடி உருவாக்குவது. இதில் கருப்பு கொஞ்சம் வெளுக்க வாய்ப்புண்டு. லாட் முழுவதையும் அமிலத்தில் போடாமல் ஒரு பீஸில் பாருங்கள். சாதா இரும்பு தேய்த்த கம்பி பிரஷ்ஷால் 304ஐத் தேய்த்தாலும் இதே துரு வரும். அந்தப் பழியும் பல நேரம் லேசர் தலையில்தான் விழுகிறது.

கேள்வி: டாட் பீனில் ஒரு பக்கம் எழுத்து ஆழம், மறுபக்கம் மங்கல்.
– ஆபரேட்டர், ஒசூர்

பதில்: ஊசிமுனைக்கும் பாகத்துக்கும் உள்ள இடைவெளியை எழுத்து வரும் பகுதியின் நான்கு மூலையிலும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்துவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஃபிக்ஸ்சர் சாய்ந்திருக்கிறது. நாலு மூலையும் ஒன்றாக இருந்து, காலையில் நன்றாகவும் மதியம் மங்கலாகவும் வந்தால் காரணம் காற்றழுத்தம். பக்கத்து மெஷின் ஓடும்போது பிரஷர் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் லைனைத் தனியாகப் பிரியுங்கள். காற்றை வடிகட்டிச் சீராக்கும் எஃப்.ஆர்.எல். கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் ஊசி உள்ளே ஒட்டிக்கொள்ளும். கார்பைடு முனை மழுங்கினால் புள்ளி அகலமாகி ஆழம் குறையும். கடினம் 60 எச்.ஆர்.சி.யைத் (ராக்வெல் அளவு) தொடும் பாகத்தில் அடித்தால் முனை சீக்கிரம் போய்விடும். அதற்கு லேசர், இல்லையென்றால் ஸ்டென்சில் வைத்துச் செய்யும் மின்வேதி எட்சிங். எட்சிங் முடிந்ததும் நியூட்ரலைசரால் துடைக்க மறந்தால் மறுநாளே துரு பூக்கும்.

கேள்வி: மூடி இல்லாத லேசர் மெஷின். சாதாரண வெல்டிங் கண்ணாடி, கூலிங் கிளாஸ் போதுமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: போதாது. ஃபைபர் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. மேஜையில் ஓடும் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி விளக்கு. உண்மையான கதிர் விழித்திரையைச் சுட்டால் வலிகூடத் தெரியாமல் பார்வையில் ஓட்டை விழும். இது நான்காம் வகுப்பு லேசர், ஆபத்தில் மேல்வகுப்பு. பளபளப்பான அலுமினியத்தில் பட்டுத் திரும்பும் கதிரே ஆபத்து. கண்ணாடியின் மேல் 1064 என்ற எண்ணும், அதற்கு நேரே ஓ.டி. (கதிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்றும் அச்சடித்திருக்க வேண்டும். சி.ஓ.2 லேசரோடு வந்த பாலிகார்பனேட் கண்ணாடி இதற்கு உதவாது. அது 1064ஐ அப்படியே உள்ளே விடும். ஆபரேட்டருக்கு மட்டும் கண்ணாடி கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேக்கிங் செய்கிறவரை வெறுங்கண்ணோடு உட்கார வைப்பதும் தவறு. உலோகத் தகட்டில் முழு மூடி அடித்து, கதவு திறந்தால் லேசர் நிற்கும்படி ஸ்விட்ச் வைப்பதுதான் சரி. புகை உறிஞ்சியும் வேண்டும். பி.வி.சி.யை லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். வரும் புகை ஹைட்ரஜன் குளோரைடு. ஆளுக்கும் கேடு, மெஷினும் அரித்துப்போகும்.

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிக்கப்போகிறேன். மார்க்கிங் வேலைக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: மெஷின் பட்டன்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். டிராயிங்கில் மார்க்கிங் குறிப்பை வாசிப்பது, டி.எக்ஸ்.எஃப். கோப்பை (கம்ப்யூட்டர் வரைபடக் கோப்பு) திறந்து கோடுகளைச் சுத்தம் செய்வது, எழுத்துரு தேர்வு, இவைதான் வேலை. ஆங்கில ஓவும் பூஜ்யமும், ஆங்கில ஐயும் ஒன்றும் குழப்பும். வாகனங்களின் 17 எழுத்து அடையாள எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் விலக்கிவைத்திருப்பது அதனால்தான். டிராயிங்கில் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் எழுதாதீர்கள். ஷாஃப்ட் ஃபில்லட்டிலும் (விட்டம் மாறும் இடத்தின் வளைவு) ஸ்பிரிங்கிலும் அடித்த ஒரு பஞ்ச் பின்னால் விரிசலுக்கு வாசலாகும்.

எல்லாவற்றையும்விட சீரியல் நம்பர் ஒழுங்கு முக்கியம். கரன்ட் போய் வந்தால் சாஃப்ட்வேர் சில நேரம் பழைய எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும். ஒரே எண்ணில் இரண்டு பீஸ் போனால், பார்ட்டி லாட் முழுவதையும் நிறுத்திவைப்பார். அதனால் ஷிஃப்ட் தொடக்கத்திலும், ஒவ்வொரு முறை மெஷின் நின்று எழும்போதும், கடைசியாக எழுதிய பீஸைக் கையில் எடுத்து, எண்ணை நோட்டில் குறித்து, திரையோடு ஒப்பிட்ட பிறகே ஸ்டார்ட் கொடுங்கள். கழித்த பீஸின் எண்ணை அடுத்த பீஸுக்குத் தரக்கூடாது.

கேள்வி: எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசலாமா?
– புதிதாகத் தொழில் தொடங்கியவர், சேலம்

பதில்: பித்தளைத் தகட்டில் பேன்டோகிராஃப் செதுக்கலுக்கு (மாதிரி எழுத்தின் மேல் முனையை ஓட்டிச் செதுக்குவது) அது சரி. அங்கே ஒவ்வொரு எழுத்தும் கைவேலை. லேசரில் கணக்கு வேறு. எழுத 4 நொடி, பீஸை ஏற்றி இறக்க 11 நொடி என்றால் பீஸுக்கு 15 நொடி, மணிக்கு 240. டீ, துடைப்பது, சரிபார்ப்பது போக 190 என்று வையுங்கள். இரண்டு எழுத்து கூடினால் அரை நொடிகூட ஏறாது. 40 நிமிட செட்டிங் 50 பீஸுக்கா, 5,000 பீஸுக்கா என்பதில்தான் ரேட் தலைகீழாக மாறும். ஃபிக்ஸ்சர் செலவைத் தனி வரியில் போட்டு, ஆர்டர் முடிந்த பிறகு அது யாருடையது என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.