கருத்தரங்கத்துக்கு அனுப்பலாமா? சட்டக் கல்லூரி மாணவியின் தாயாருக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், அரசமைப்புச் சட்டக் கருத்தரங்கம், மாதிரி நீதிமன்றப் போட்டி, கட்டுரை வாசிப்பு என்று அடிக்கடி வெளியூர் செல்ல அனுமதி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் குறைந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும், நீதிபதித் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்கு இவையெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்பதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். வருகைப்பதிவைப் பற்றிய அச்சம் முழுக்க நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். உறவினர்களின் கேள்விக்கான விடை அந்த நீதிபதித் தேர்விலேயே இருக்கிறது.

பட்டம் வாங்கிய கையோடு உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற நிலை மாறிவிட்டது. அந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடம் லா கிளார்க்காகப் பணியாற்றிய காலமும் அந்த மூன்று ஆண்டுகளில் சேரும். ஆகவே உங்கள் மகள் படிப்பை முடித்ததும் ஒரு சீனியரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்து நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசியாக வேண்டும். அல்லது ஒரு நீதிபதிக்காகத் தீர்ப்புகளைத் தேடிப் படித்துக் குறிப்பெழுதித் தர வேண்டும். இவ்விரண்டு வேலைக்கும் கல்லூரி நாட்களிலேயே கிடைக்கக்கூடிய நல்ல பயிற்சி, ஒழுங்காக நடத்தப்படும் மாதிரி நீதிமன்றமும் ஆய்வுக் கட்டுரையும்தான். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளே மாதிரி நீதிமன்றத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து அதற்கு 30 மதிப்பெண் ஒதுக்கியுள்ளன. அதைப் படிப்புக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருத இடமில்லை.

மாணவர்கள் 'மூட்' என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தப் போட்டியில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சில வாரங்களுக்கு முன்பே ஒரு கற்பனை வழக்கை வெளியிடுவார்கள். ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஒரு செய்தி நிறுவனம் வழக்குத் தொடுத்திருப்பதாக அது அமையலாம். பெரும்பாலும் மூவர் கொண்ட அணி: இருவர் வாதிடுவர், ஒருவர் ஆய்வைக் கவனிப்பார். மனுதாரர், எதிர்மனுதாரர் ஆகிய இரு தரப்புக்கும் தனித்தனியாக மெமோரியல், அதாவது எழுத்து வடிவ வாதம், எழுதிக் கொடுக்க வேண்டும். காலைச் சுற்றில் அந்தச் சட்டம் செல்லாது என்று வாதிட்டவரே பிற்பகல் சுற்றில் அது செல்லும் என்று வாதிட வேண்டி வரும். மனப்பாடம் செய்த உரை இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற 1973ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி தீர்ப்பை மேற்கோள் காட்டினால், "பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம், நீங்கள் சொல்வது எந்தப் பக்கத்தவர் எழுதியது? எந்தப் பத்தி?" என்று நடுவர் குறுக்கிட்டுக் கேட்பார். தீர்ப்பைப் படித்தவர் தயங்கினாலும் பதில் சொல்லிவிடுவார். வழிகாட்டி நூலின் சுருக்கத்தை மட்டும் படித்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கட்டுரை வாசிப்பிலும் பயன் வருவது மூலத்தைப் படிப்பதால்தான். நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற செண்பகம் துரைராஜன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரிச் சேர்க்கையின் ஒவ்வொரு 14 இடங்களையும் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை, சாதி, மதம் முதலியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி அரசுக் கல்வி நிறுவனத்தில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்னும் அரசமைப்பின் 29(2)ஆம் உறுப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4)ஆம் உறுப்பு சேர்ந்தது. இவ்வளவும் எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஆனால் தீர்ப்பையே திறந்து படிக்கும் மாணவிக்கு, மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும், அந்தக் காரணத்துக்காக மனுவைத் தள்ளாமல் நீதிமன்றம் விசாரித்தது என்பதையும் காண முடியும். பாதிக்கப்பட்டவர் என்று யாரைக் கொள்வது, பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் எப்போது தளர்த்துகிறது என்ற கேள்வி அவளுக்குத் தானாகவே எழும். அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு 16(4)ஆம் உறுப்பு இருக்க, கல்விச் சேர்க்கைக்கு அதுபோன்ற பிரிவு அப்போது இல்லாததை நீதிபதிகள் சுட்டிக்காட்டியதையும் அவள் கவனிப்பாள். திருத்தம் ஏன் அந்த இடத்தில் வந்தது என்பது அப்போது விளங்கும். ஒரு பருவத்தில் இப்படி ஒரு கட்டுரை எழுதினால் போதும் என்பதே என் கருத்து.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவுக் கட்டணம் செலுத்தினால் ஐந்து நிமிடம் பேசவைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சான்றிதழ் கையளித்து அனுப்பும் கருத்தரங்கங்கள் இன்று ஏராளமாக நடக்கின்றன. கட்டுரையை யாரும் படித்துத் திருத்துவதில்லை. கூடுதல் தொகை தந்தால் தொகுப்பு நூலில் அச்சிட்டும் தருகிறார்கள். இருபது சான்றிதழ்கள் கொண்ட கோப்பு உங்களுக்குப் பெருமிதம் தரலாம். ஆனால் ஜூனியர் சேர்க்கும் வழக்கறிஞர் அவற்றைப் புரட்டிப் பார்ப்பதைவிட, 'நீ எழுதியதைக் காட்டு' என்று கேட்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: கட்டுரைச் சுருக்கத்தைத் தேர்வு செய்கிறார்களா, அல்லது அனுப்பிய எல்லாவற்றையும் ஏற்கிறார்களா? அமர்வுக்குத் தலைமை ஏற்பவர் யார்? பேசி முடித்தபின் கேள்வி நேரம் உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பயணத்தைத் தயங்காமல் மறுக்கலாம்.

இப்போது வருகைப்பதிவு. மேற்சொன்ன பார் கவுன்சில் விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 70 விழுக்காடு வருகை வேண்டும். ஒட்டுமொத்தக் கணக்கில் நல்ல நிலையில் இருந்துவிட்டு ஒரே ஒரு பாடத்தில் மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் பலர். வெள்ளி, சனிக்கிழமைகளில் வகுப்புள்ள பாடம்தான் பெரும்பாலும் அடிபடும், ஏனெனில் நிகழ்ச்சிகள் அந்நாட்களில்தான் நடக்கின்றன. வெளியூர் நிகழ்ச்சிக்குச் சென்ற நாளையும் வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) அனுமதியைக் கல்லூரி தருமா, தந்தால் பருவத்துக்கு எத்தனை நாள், அது பாடவாரிக் கணக்கில் ஏறுமா என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சென்று வந்தபின் கேட்டால் கிடைக்கும் என்று நம்பிச் செல்வதை நான் எந்த மாணவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அவள் தமிழ்வழியில் படித்தவள், ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். இதை நான் மிகவும் அக்கறையோடு பார்க்கிறேன். அரசமைப்பின் 348ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமாக இருப்பதால், அந்தத் தயக்கத்தை இப்போதே கடப்பது நல்லது. முதல் முயற்சிக்குத் தொலைதூரத்துப் பெரிய கல்லூரி வேண்டாம். தன் கல்லூரியின் உள்போட்டியில், தெரிந்த ஆசிரியர்கள் முன்னிலையில் பேசட்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பை நீதிமன்றமே இணையத்தில் வெளியிடுகிறது. முதலில் தமிழில் படித்து வாதத்தின் போக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கில மூலத்தைப் படித்தால் மொழி தடையாக நிற்காது. அரசமைப்புச் சட்டக் கேள்விகளை உச்ச நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் ஒளிபரப்பாகின்றன. வாரம் ஒரு மணி நேரம் அவற்றைக் கேட்டுவந்தால், நீதிபதியின் கேள்விக்கு மூத்த வழக்கறிஞர்கள் எவ்வளவு எளிய ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்பது புரியும்.

அரசமைப்பு நாளான நவம்பர் 26ஐ ஒட்டிப் பல சட்டக் கல்லூரிகளில் நிகழ்ச்சிகள் நடக்கும்; பருவத் தேர்வும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வரும். தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்து பேசுங்கள். இந்தப் பருவத்தில் உள்ளூரில் ஒரு மாதிரி நீதிமன்றம், அடுத்த பருவத்தில் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். அவள் கேட்டிருக்கும் ஹைதராபாத் பயணத்துக்குக் கட்டுரைச் சுருக்கம் தேர்வாகி, ஓ.டி. கடிதமும் கைக்கு வந்து, தங்குமிடத்தை அமைப்பாளர்களே உறுதிசெய்திருந்தால் அனுப்பிவையுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடனும் மதிப்புடனும்,
கல்வி ஆலோசகர்