துருப்பிடித்த இரும்பை ஏன் வைத்திருக்கிறார்கள்? – கடிதம்

வணக்கம்.

நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறேன். மூடிப்போன இரும்பாலையைப் பூங்காவாக்கிய டூயிஸ்பர்க் நோர்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "பூந்தோட்டம் எண்டு சொல்லி இரும்புக்கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உலைகளை இடித்துவிட்டு நல்ல மரமும் பூவும் வைத்திருக்கலாமே? காசில்லாமல் அப்படியே போட்டுவிட்டுப் பூங்கா என்று சொல்கிறார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஊர்க்காரர்களே கேட்ட கேள்விதான். 1985இல் அந்த இரும்பாலை மூடப்பட்டபோது இடித்துவிடலாம் என்ற பேச்சு பலமாகவே இருந்தது, வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் மல்லுக்கட்டியதால்தான் உலைகள் தப்பின. காசும் ஒரு காரணம்தான், அவ்வளவு பெரிய உலைகளை இடிப்பதென்றால் சும்மாவா? ஆனால் அதைவிடப் பெரிய காரணம் மண்ணில் இருக்கிறது.

எண்பது வருடங்களுக்கு மேல் இரும்பு உருக்கிய இடம் அது. நிலக்கரியைச் சுட்டு உலைக்கான கோக் எரிபொருள் செய்த ஆலை இருந்த பகுதியின் மண்ணில் தாரிலிருந்து வந்த நச்சு ஊறிக்கிடக்கிறது, தாதுவைச் சுட்டுக் கட்டியாக்கிய ஆலை மோசமாகக் கெட்டுப்போயிருந்ததால் அதை மட்டும் இடித்து, இடிபாட்டை அங்கேயே பழைய பங்கர்களுக்குள், அதாவது தாது கொட்டிவைத்த பெரிய கான்கிரீட் பெட்டிகளுக்குள், போட்டு மூடினார்கள். நீங்கள் சொல்வதுபோல எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மண்ணை அள்ளி, புது மண் கொட்டிப் பூச்செடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அள்ளிய விஷம் வேறு யாருடைய ஊருக்காவது போயிருக்கும். வடிவமைத்த பேட்டர் லாட்ஸ் அதைச் செய்யவில்லை. எங்கே நடக்கலாம், எங்கே தொடக்கூடாது என்று பிரித்து, கெட்டதைக் கெட்டது என்று காட்டியே வைத்தார். 1994இல் திறந்த அந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

எம்ஷர் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் தோண்டித் தோண்டி நிலம் கீழே இறங்கிக்கொண்டே இருந்ததால் டூயிஸ்பர்க் இருக்கும் ரூர் நிலக்கரிப் பகுதியில் சாக்கடைக் குழாயைப் புதைக்க முடியவில்லை, புதைத்தால் உடையும். அதனால் ஆறே திறந்த சாக்கடையானது, அதன் பழைய கிளை ஒன்று இந்த ஆலைக்குள்ளேயே ஓடியது. இப்போது கழிவுநீர் நிலத்தடிக் குழாயில் போகிறது. மேலே களிமண் போட்டு அடைத்த கால்வாயில் மழைத்தண்ணீர் மட்டும் போகிறது, ஆலைக் கூரைகளிலிருந்து பழைய குழாய்கள் வழியாக வடிந்து வருகிற தண்ணீர். அடியில் மண் இன்னும் சரியாகவில்லை என்பதற்காகத்தான் அந்தக் களிமண். அழகுக்காக வளைத்து நெளித்து இயற்கை ஆறு மாதிரி நடிக்க வைக்கவில்லை, நேர்க்கோட்டில் கால்வாயாகவே விட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பூ இல்லை என்று அம்மா சொன்னாரே, நீங்கள் மற்றப் பங்கர்கள் பக்கம் போகவில்லை என்று நினைக்கிறேன். தடிச்சுவரை அறுத்து வாசல் வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் நடைபாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால், ஒன்றில் பெரணி, இன்னொன்றில் கொத்துக்கொத்தாக ஹைட்ரேஞ்சியா, நாலு பக்கமும் கறைபடிந்த சுவர். வேறு சில பங்கர்களின் சுவர்களில் மலையேற்றக்காரர்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். காற்று சூடாக்கும் கோபுரங்களுக்குப் பக்கத்துத் திடலில் வரிசையாக நட்ட மரங்கள் வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பின்னால் துரு. யாரும் நடாமல் முளைத்த செடிகளும் ஏராளம், சிலவற்றின் விதைகள் வெளிநாட்டுத் தாதுவோடு கலந்து வந்தவை.

உலையடியில் 49 இரும்புத் தகடுகள் பதித்த சதுக்கம் ஒன்று உண்டு. வார்ப்புக்கூடத்தில் உருகிய இரும்பு ஓடி ஓடி அரித்த தகடுகள், ஒவ்வொன்றும் ஏழெட்டு டன். குனிந்து கையால் தடவிப் பாருங்கள், அந்தக் குழிகளை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. அங்கே வேலை செய்து வயதானவர் பேரப்பிள்ளையைக் கூட்டிவந்து, "நான் நின்ற இடம் இது" என்று காட்ட வேண்டுமென்றால் அந்த இடம் அங்கே இருக்க வேண்டும், இல்லையா? புல்லும் ரோஜாவும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை போய்வாருங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாதே. ஐந்தாம் உலையின் எழுபது மீட்டர் படிக்கட்டெல்லாம் வேண்டாம், நேராகப் பங்கர் தோட்டங்களுக்குப் போங்கள். வார இறுதி என்றால் இருட்டும் வரை இருந்து விளக்கு போடுவதையும் பாருங்கள். அங்கே வேலை பார்த்தவர் யாராவது வழிகாட்டியாக வரும் சுற்று கிடைத்தால் கட்டாயம் சேர்ந்துகொள்ளுங்கள், அம்மாவின் கேள்வியை அவரிடம் ஜெர்மனில் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.