எங்கள் ஊருக்கு ரோடு எப்போது வரும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் குக்கிராமத்தில் 320 பேர் இருக்கிறோம். மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வராது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் கேட்டால் 'தகுதி இல்லை' என்கிறார்கள். ஏன்?

ப: 2024-ல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில், சமவெளியில் 500 பேர் இருக்க வேண்டும், அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி. சிறப்புப் பகுதிகளில் 250 போதும். ராமநாதபுரம், விருதுநகர் போல, பின்தங்கியவை என்று மத்திய அரசு பட்டியலிட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' அதில் வரும். உங்கள் ஊர் அங்கே இருந்தால் கதையே வேறு. இல்லையென்றாலும் கைவிட வேண்டாம். 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்துக் கணக்கிட இத்திட்டத்தில் இடம் உண்டு. பக்கத்துத் தெருவையும் காலனியையும் தனித்தனியாக எழுதியதாலேயே தட்டிப்போன ஊர்கள் உண்டு.

அப்புறம் ஒன்று. நிலம் வாங்க இத்திட்டத்தில் பணம் கிடையாது. பாதையில் பத்தடி யாருடைய பட்டாவில் வந்தாலும் வேலை நின்றுவிடும். மனுவுக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடனில் போடும் சாலைகள் என்று வேறு கதவுகளையும் தட்டலாம்.

கே: போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ரோடு பெயர்ந்துவிட்டது. ஊராட்சியில் நிதி இல்லை என்கிறார்கள்.

ப: ஊராட்சி செலவழிக்க வேண்டியதே இல்லை. பிரதமர் திட்டச் சாலை என்றால் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு காண்ட்ராக்டரின் பொறுப்பு. டெண்டரிலேயே அது உண்டு. சாலை தொடங்கும் இடத்தில் தகவல் பலகை இருக்கும். நீளம், மதிப்பீடு, முடிந்த தேதி, எந்த அடுக்கில் எவ்வளவு ஜல்லி என்பதுவரை தமிழில் எழுதியிருக்க வேண்டும். முடிந்த தேதியைப் பார்த்து ஐந்தைக் கூட்டுங்கள். பள்ளத்தையும் பலகையையும் சேர்த்துப் படமெடுத்து 'மேரி சடக்' செயலியில் புகார் கொடுங்கள். பலகையே இல்லையென்றால் அதையும் புகாராக எழுதுங்கள்.

கே: ரயில்வே கேட்டில் மேம்பாலம் நடுவில் மட்டும் கட்டி, இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கிறது. பணம் தீர்ந்துவிட்டதா?

ப: பெரும்பாலும் பணம் காரணமாக இருக்காது. மேம்பாலம் தேவையா என்று பார்க்க, கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையால் பெருக்குவார்கள். உதாரணமாக ஒரு நாளில் 50 ரயில், 2,000 வாகன அலகு என்றால் ஒரு லட்சம். அந்த அளவைத் தொட்டால் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்கும் முறை வழக்கத்தில் இருக்கிறது. தண்டவாளத்துக்கு மேல் உள்ள பகுதியை ரயில்வே கட்டும். அது சொந்த இடம், யாரையும் கேட்க வேண்டாம், சீக்கிரம் முடியும். இருபுறமும் ஏறி இறங்கும் அணுகுசாலை மாநிலத்தின் வேலை. அங்கேதான் கடைகளும் வீடுகளும் இருக்கின்றன. இழப்பீட்டில் ஒருவர் நீதிமன்றம் போனாலே வருடங்கள் ஓடிவிடும். தங்கள் கடையை இழப்பவர்கள் நியாயமான தொகை கேட்பதில் தவறே இல்லை. நிலம் முடிந்த பிறகு டெண்டர் விடாமல், பாலத்தை முதலில் தூக்கி நிறுத்துவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நீங்கள் கேட்க வேண்டியது பாலத்தைப் பற்றி அல்ல. நிலமெடுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மாவட்ட வருவாய் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கே: எம்.பி. நிதியில் ரோடு போடலாமா?

ப: போடலாம். ஆண்டுக்கு 5 கோடி உண்டு. எம்.பி. பரிந்துரைப்பார், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். சிறிய இணைப்புச் சாலைக்கும் சிறு பாலத்துக்கும் நல்ல வழி.

கே: சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் தொடங்கிய விமானங்கள் ஏன் சில ஊர்களில் நின்றுவிடுகின்றன?

ப: பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, அதனால் வரும் இழப்பை அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்டுகிறது. அதற்குள் பயணிகள் பழகவில்லையென்றால் நிறுவனம் விலகிவிடும். நிறுவனமே தள்ளாடினாலும் அப்படித்தான். சேலத்துக்கு 2018-ல் வந்த சேவை இடையில் நின்று, 2023-ல்தான் மீண்டும் தொடங்கியது. உங்கள் ஊரில் எப்படி என்று பார்க்க, அந்த வழித்தடத்துக்கு மானியக் காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்று விமான நிலையத்தில் விசாரியுங்கள்.