தெர்மாகோல் நிலாவும் எலுமிச்சம்பழ நிலாவும்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளையே மாடல் செய்யச் சொல்லி நிலவின் பிறைகளை நடத்தினேன். தெர்மாகோல் உருண்டை, சீரியல் பல்பு என்று அழகாகச் செய்து வந்தார்கள். ஆனால் பிறை ஏன் வருகிறது என்று கேட்டால், "பூமியின் நிழல் விழுகிறது" என்கிறார்கள். மாடல் செய்வதால் என்னதான் பயன்?
— ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், புத்தகத்துப் படத்தைப் பிள்ளைகள் உருண்டையாக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த உருண்டையை வைத்து யோசிக்கும் வேலையை நாம்தான் கொடுக்கவில்லை. நிழல் என்ற பதிலைப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அதைத் திருத்தாதீர்கள், சோதிக்க விடுங்கள்.

ஜன்னல்களைச் சாத்தி, தலைக்குக் கொஞ்சம் மேலே ஒரே ஒரு பல்பை எரிய விடுங்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், பென்சிலில் குத்தியது. பழம் நிலா, பல்பு சூரியன், பிள்ளையின் தலைதான் பூமி. கையை நீட்டிப் பழத்தைப் பிடித்தபடி இடது பக்கமாக மெல்லத் திரும்ப வேண்டும்.

பல்புக்கு நேரே பழம் இருட்டாகத் தெரியும், அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் வலது ஓரத்தில் மெல்லிய கீற்று. அங்கே நிறுத்தி, "உன் தலையின் நிழல் இப்போ எங்கே?" என்று கேளுங்கள். தேடுவார்கள். நிழல் முதுகுக்குப் பின்னால் சுவரில் கிடக்கும். நிழலே படாத பழத்தில் பிறை! மூன்றாம் பிறையை மேற்கே, சூரியன் மறைந்த பக்கத்தில்தானே பார்க்கிறோம்?

விளக்கத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து, எழுந்து நின்று சொல்லட்டும். 1980-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் மால்கம் வெல்ஸ் என்ற பள்ளி ஆசிரியரும் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டனஸும் வளர்த்த முறை இது. அங்கே சின்ன வெள்ளைப் பலகைகள், நமக்குக் காலண்டர் தாள் போதும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைப் பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்கப் பழக வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும்.

யாராவது ஒரு பிள்ளை பழத்தைப் பல்புக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய், "இங்கே நிழல் விழுது டீச்சர்!" என்று கத்தும். சந்தோஷப்படுங்கள், அது சந்திர கிரகணம். அப்படியானால் பௌர்ணமிதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை? இதற்கு எலுமிச்சம்பழம் உதவாது, அது தலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலா. இரண்டுக்கும் நடுவே 7 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், வகுப்பறையே போதாமல் போகலாம். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அத்தனை தூரத்தில் அந்தச் சாய்வு பந்தை 60 செ.மீ.க்கு மேலேகூட ஏற்றி இறக்கிவிடும். கூடைப்பந்தின் நிழல் அவ்வளவு அகலம் இல்லை, பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஒரு மாடல் எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தத் தெர்மாகோல் மாடல்களையும் எடுத்து இதே கேள்வியைக் கேளுங்கள்.

இரண்டு பீரியட் போகும். போர்ஷன் பற்றிக் கவலைப்படாதீர்கள், கிரகணமும் இதிலேயே வந்துவிடுகிறது. அப்புறம், வளர்பிறை அஷ்டமியன்று மாலை 6 மணிக்கு நிலா எங்கே இருக்கும் என்று பழத்தை வைத்துக் கண்டுபிடித்து, காலண்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில் இருக்கும்.